பேசாமல் இருந்தால் பறவை வரும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம் குடும்பங்களின் கார்கள் மலைப்பக்கம் திரும்பிவிடும். கேமரன் மலை என்றால் ஸ்ட்ராபெரி, ஸ்டீம்போட், தேயிலைத் தோட்டத்தின் முன்னால் ஒரு குடும்பப் படம். பிரேசர் மலை என்றால் மணிக்கூண்டின் முன்னால் இன்னொரு படம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டே கடந்துபோகும் அதே வளைவுகளில், வெளிநாடுகளிலிருந்து விமானம் ஏறி வந்த சிலர் விடியற்காலையில் அசையாமல் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் பறவை பார்க்க வந்தவர்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது நம் மலையில் என்று பார்த்துவிடத்தான் கடந்த விடுமுறையில் ஐந்து நாள் பயணம் ஒன்றைத் திட்டமிட்டோம். கோலாலம்பூரிலிருந்து கோலகுபு பாரு, பிரேசர் மலை, ரவூப், சுங்கை கோயான் வழியாகக் கேமரன் மலை, பிறகு தாப்பா இறங்கி வீடு. காரில் நாங்கள் ஆறு பேர். அம்மா, அக்கா, அத்தான், அவர்களுடைய பதினொரு வயது மகள், ஏழு வயது மகன், நான்.

என் தொழிலே பேச்சு. வாரத்தில் ஐந்து நாள், காலையில் நான்கு மணி நேரம் வானொலியில் பேசுகிறேன். நிகழ்ச்சியில் மூன்று விநாடி சத்தம் இல்லாமல் போனால் கட்டுப்பாட்டு அறையில் எல்லாருக்கும் வியர்த்துவிடும். அப்படிப்பட்டவளுக்கு, சும்மா இருப்பதுதான் முதல் வேலை என்று சொல்லும் ஒரு பொழுதுபோக்கு எப்படி ஒத்துவரும் என்று அக்காவுக்குச் சந்தேகம்.

மாமியார் வீட்டை வெட்டிய பறவை

கோலகுபு பாருவில் பசியாறிவிட்டு, பெட்ரோல் தொட்டியை நிரப்பிக்கொண்டோம். பிரேசர் மலையில் பெட்ரோல் நிலையம் கிடையாது. இதை மறந்து மேலே போனவர்களின் கதைகள் நிறைய உண்டு. ஊரைத் தாண்டியதும் சிலாங்கூர் அணையின் நீர்ப்பரப்பு வலப்புறமும் இடப்புறமும் மாறி மாறித் தெரியும். அதற்குப் பிறகு சாலை வளைந்து வளைந்து காட்டுக்குள் ஏறுகிறது. 1951 அக்டோபர் 6ஆம் தேதி பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக்கொல்லப்பட்டது இந்தச் சாலையில்தான். அன்று அவர் ஓய்வெடுக்கப் பிரேசர் மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

சிலாங்கூரும் பகாங்கும் சந்திக்கும் கேப் என்ற இடத்தில் எங்கள் வழிகாட்டி காத்திருந்தார். ஐம்பதைக் கடந்த மலாய்க்காரர். மேலே போய்ப் பார்க்கலாமே, ஏன் இங்கேயே இறங்கச் சொல்கிறார் என்று அத்தானுக்குப் புரியவில்லை. காரணம் இருந்தது. நம் தீபகற்ப மலைகளில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் பறவைகளின் ஊர் மாறுகிறது. அதற்குக் கீழே தாழ்நிலக் காட்டுப் பறவைகள், அதற்கு மேலே குளிரை விரும்பும் மலைப்பறவைகள். இரண்டு கூட்டமும் கலக்கும் எல்லைப் பகுதி கேப். மேலே நேராகப் போய்விடுகிறவர்கள் பாதிப் பறவைகளைக் கீழேயே விட்டுவிடுகிறார்கள்.

சாலையோரம் நின்ற பத்தாவது நிமிடத்தில், பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல். 'ஊ' என்று ஒரு முறை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. பிறகு இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. ஊ, ஊ, ஊ என்று வேகமெடுத்து, கடைசியில் யாரோ வயிறு குலுங்கச் சிரிப்பதைப் போலக் காடு முழுக்க எதிரொலித்து நின்றது. பையன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

அது தலைக்கவச இருவாச்சி. மலேசியாவில் பத்து வகை இருவாச்சிகள் இருக்கின்றன. அவற்றில் மிகுந்த ஆபத்தில் இருப்பது இது. மற்ற இருவாச்சிகளின் அலகுக் கொண்டை உள்ளே பெரும்பாலும் வெற்றிடம். இதற்கு மட்டும் கெட்டியானது, தந்தம் மாதிரிச் செதுக்கலாம். அதற்காகவே வேட்டையாடப்பட்டு, 2015இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 'அழிவின் விளிம்பில்' என்ற நிலைக்குப் போய்விட்டது.

மலாய்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'தெபாங் மெந்துவா'. மாமியாரை வெட்டிச் சாய்த்தவன் என்று பொருள். மாமியாரைப் பிடிக்காத ஒருவன், அவர் வீட்டுக்குள் இருக்கும்போது வீட்டைத் தாங்கிய மரத்தூண்களைக் கோடரியால் வெட்டினானாம். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. வீடு சரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தானாம். அதற்குத் தண்டனையாகப் பறவையாகி, இன்றுவரை அந்தக் கோடரி வெட்டையும் சிரிப்பையும் திரும்பத் திரும்ப எழுப்பிக்கொண்டிருக்கிறானாம்.

வழிகாட்டி சொல்லி முடித்ததும் எல்லாரும் அத்தானைப் பார்த்தோம். அம்மா மட்டும் பதறவில்லை. "நம்ம வீடு பதினெட்டாவது மாடி, மாப்பிள்ளை. வெட்டணும்னா கீழே இருந்து எல்லாத் தூணையும் வெட்டணும், பாத்துக்குங்க" என்றார்.

பறவையைக் கடைசிவரை பார்க்கவில்லை. குரலை மட்டும்தான் கேட்டோம். ஆனால் அந்தப் பயணத்தில் பிள்ளைகள் இன்றுவரை நடித்துக் காட்டுவது அந்தக் குரலைத்தான்.

ஒரு மரத்தில் ஒரு சந்தை

பிரேசர் மலைக்குப் பெயர் கொடுத்தவர் லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர். ஸ்காட்லாந்துக்காரர். 1890களில் இங்கே ஈயம் தோண்டினார், பிறகு எங்கே போனார் என்றே தெரியாமல் மறைந்துவிட்டார். 1917இல் அவரைத் தேடி மலையேறிய சிங்கப்பூர் ஆயர், ஆளைக் காணாமல் மலையின் குளிர்ச்சியைக் கண்டு, இது ஓய்வு நகரத்துக்கு ஏற்ற இடம் என்று எழுதிக்கொடுத்தார். இன்றும் இங்கே ஒரு காட்டுப்பாதைக்கு 'ஆயர் பாதை' என்றே பெயர். கேமரன் மலையைப் போல இங்கே கடைவீதி வளரவில்லை. கடைகள் குறைவு, காடு அதிகம். 250க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே பதிவாகியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 1988இல் தொடங்கிய அனைத்துலகப் பறவைப் போட்டிக்கு உலகம் முழுவதிலிருந்தும் குழுக்கள் வந்திருக்கின்றன. குறிப்பிட்ட நேரத்துக்குள் அதிக இனங்களைக் கண்டறிபவர்களுக்கு வெற்றி.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் குளிரில் நடுங்கிக்கொண்டு சாலையோரம் நின்றோம். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. சில்வண்டு ஒன்று மட்டும் கிர்ரென்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அது சில்வண்டு இல்லை என்றார் வழிகாட்டி. நெருப்புக் குஞ்சக் குக்குறுவான். பச்சை உடம்பு, அலகின் அடியில் மீசை போல ஒரு செந்நிறக் குஞ்சம். தீபகற்பத்தின் மலைகளிலும் சுமத்ராவிலும் மட்டுமே வாழ்கிறது. குரலை நம்பிப் பூச்சியைத் தேடியிருந்தால் ஆயுசுக்கும் கிடைத்திருக்காது.

அதற்குப் பிறகு திடீரென்று எதிரே இருந்த மரம் உயிர்பெற்றது. ஒரு கிளையில் சாம்பல் நிற நீள்வால் சிபியாக்கள். இன்னொரு கிளையில் மஞ்சளும் சிவப்பும் கலந்த, கன்னத்தில் வெள்ளி பூசியது போன்ற வெள்ளிக்காது மெசியாக்கள். அடிமரத்தில் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தது ஒரு நீலப் பசையெடுப்பான். வால் நுனியில் இரண்டு துடுப்புகளைத் தொங்கவிட்ட கரிச்சான் இங்கும் அங்கும் பாய்ந்தது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. மரம் மறுபடி காலி.

இதற்குப் பெயர் பறவை அலை. பல இனங்கள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடிக்கொண்டே காட்டின் ஊடாக நகரும். உச்சிக் கிளையில் ஒருவர், நடுவில் ஒருவர், பட்டை இடுக்கில் ஒருவர், புதரில் ஒருவர் என்று இடம் பிரித்துக்கொள்வதால் சண்டை குறைவு. ஒன்று கிளையைக் கலைக்கும்போது பறக்கும் பூச்சியை இன்னொன்று பிடித்துக்கொள்ளும். கழுகோ வல்லூறோ வந்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும். அவர் கத்தினால் எல்லாரும் தப்பிக்கலாம். நம் தாமான்களில் இரவு ரோந்துக் குழு வைத்துக்கொள்வதைப் போலத்தான்.

அந்த மெசியாக்களைப் பார்த்து அக்கா மகள் அசந்துபோனாள். இவ்வளவு அழகாக இருப்பதுதான் அவற்றுக்கு ஆபத்து. அழகுக்காகவும் குரலுக்காகவும் கூண்டில் அடைக்கப் பிடிக்கிறார்கள். சுமத்ராவில் இதன் நெருங்கிய சொந்தமான மெசியா, கூண்டு வியாபாரத்தாலேயே அருகிப்போய்விட்டது.

ஒரே ஒரு தடவைதான்

அன்று மாலைதான் எங்களுக்குள் ஒரு சின்னத் தகராறு வந்தது.

காட்டுப்பாதை ஓரத்தில் மலைக்கௌதாரி கூப்பிட்டது. தரையில் நடமாடும் பறவை. ஒன்று விசில் அடிக்க, அதன் இணை உடனே பதில் சொல்லும். இரண்டும் சேர்ந்து ஏறுமுகமாகக் கூவும்போது ஒரே பறவை பாடுவதாகவே தோன்றும். இந்த இனம் நம் தீபகற்பத்தின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. குரல் பதினைந்து மீட்டர் தூரத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் புதருக்குள் எதுவும் தெரியவில்லை.

அத்தான் கைப்பேசியை எடுத்தார். பறவைக் குரல்கள் அடங்கிய செயலி ஒன்றைப் பயணத்துக்காகவே பதிவிறக்கம் செய்து வைத்திருந்தார். அந்தக் குரலைப் போட்டால் பறவை வெளியே வந்துவிடும் என்று எங்கேயோ படித்திருக்கிறார். உண்மைதான், வரும். வழிகாட்டி கையை நீட்டித் தடுத்தார். "ஒரே ஒரு தடவைதான்" என்றார் அத்தான். "இன்றைக்கு வந்த எல்லாக் கார்களிலும் ஒருவர் அதையேதான் சொல்கிறார்" என்றார் வழிகாட்டி.

அவர் விளக்கியதை வானொலிக்காரியான நான் சட்டென்று புரிந்துகொண்டேன். பறவையின் பாட்டு நமக்குத்தான் இசை. அதற்கு அது வேலி. இது என் இடம், இது என் இணை, உள்ளே வராதே என்ற எச்சரிக்கை. கைப்பேசியிலிருந்து அதே குரல் கேட்டால், வேறொருவன் வேலி தாண்டிவிட்டான் என்று அது நினைக்கும். இரை தேடுவதை விட்டுவிடும், முட்டையை அடைகாப்பதை விட்டுவிடும், மறைவிடத்தை விட்டு வெளியே வந்து எதிரியைத் தேடும். எதிரி இல்லை. இல்லாத எதிரியைத் தேடி அலையும் நேரத்தில் பாம்போ பருந்தோ அதைப் பார்த்துவிடலாம். நாம் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவோம். அரை மணி நேரத்தில் அடுத்த கார் வரும்.

பெட்டியிலிருந்து வரும் குரலை நம்பிக் கேட்பவர் பதில் சொல்வதுதான் என் பிழைப்பு. கேட்பவர் என்னை அழைப்பார், நான் பேசுவேன், இருவருக்கும் அது விருப்பம். இங்கே பறவைக்கு அந்த விருப்பமும் இல்லை, வானொலியை அணைக்கும் பொத்தானும் இல்லை.

அக்கா மகள் அத்தானைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, ராத்திரி நம்ம வீட்டு வாசல்ல யாராவது திருடன் மாதிரி சத்தம் போட்டா நீங்க வெளியே போவீங்கதானே? அதைப் படம் எடுக்கவா?" அத்தான் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டார்.

நாற்பது நிமிடம் அங்கேயே நின்றோம். கௌதாரி வெளியே வரவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போய் நின்றுவிட்டது. அவளுடைய முகத்தைப் பார்த்த வழிகாட்டி, நோட்டுப் புத்தகத்தை வாங்கி அதில் நேரம் குறித்துக் கொடுத்தார். பறவை பார்ப்பவர்களின் உலகில் கேட்டதும் கணக்குதான். உலகம் முழுக்கப் பறவைப் பட்டியல்கள் பதிவாகும் ஈபேர்ட் தளத்திலும் குரல் மட்டும் கேட்ட பறவையைச் சேர்க்கலாம். அன்றிலிருந்து அவள் நோட்டில் இரண்டு பத்திகள்: பார்த்தது, கேட்டது.

அம்மாவின் பறவை

பிரேசர் மலையிலிருந்து கேமரனுக்கு நெடுஞ்சாலைக்கு இறங்காமலேயே போகலாம். ரவூப் போய், டுரியான் பருவமாக இருந்தால் வண்டியை நிறுத்தி, பிறகு சுங்கை கோயான் வழியாக ரிங்லெட் வரை ஏறும் சாலை. வழியில் போஸ் பெத்தாவ் போன்ற பூர்வகுடிக் குடியிருப்புகள், நீண்ட காட்டுப்பகுதிகள். கடைகள் மிகக் குறைவு, கைப்பேசித் தொடர்பும் பல இடங்களில் இருக்காது. தண்ணீரும் நொறுக்குத் தீனியும் காரில் இருக்கட்டும். மழை பெய்யும்போதும் இருட்டிய பிறகும் இந்தச் சாலை வேண்டாம்.

கேமரன் மலை அம்மாவுக்குச் சுற்றுலாத் தலம் அல்ல. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, இருபத்தொரு வயதில் கல்யாணமாகிக் கீழே இறங்கியவர். இந்த மலையை வரைபடத்தில் ஏற்றிய வில்லியம் கேமரன் 1885இல் வந்தார் என்றும், ஜே.ஏ. ரசல் 1929இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார் என்றும் அறிவிப்புப் பலகைகளிலும் புத்தகங்களிலும் இருக்கும். காட்டை வெட்டிச் சரிவுகளில் தேயிலை நட்டு, கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்களில் நம் ஆட்கள் எத்தனையோ பேர். அவர்களில் என் பாட்டியும் ஒருவர். இன்று அந்தச் சரிவுகளில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களே வேலை செய்கிறார்கள்.

மறுநாள் விடியுமுன் பிரிஞ்சாங் மலைச் சாலையில் ஏறினோம். பாதி வழியில், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் காரை ஒதுக்கி நிறுத்தினோம். பனிமூட்டம். அப்போது காட்டுக்குள்ளிருந்து அதே இணைக்குரல் கேட்டது. ஒன்று கூப்பிட, இன்னொன்று பதில் சொன்னது. அக்கா மகள் நோட்டை எடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இது கூப்பிட்டாத்தான் எங்கம்மா எழுந்து அடுப்பு மூட்டும். பெரட்டுக்கு முன்னாடி கூப்பிடும். காடு அப்ப லயத்துக்குப் பின்னாலேயே இருந்துச்சு."

"பாட்டி, நீங்க அதைப் பார்த்திருக்கீங்களா?"

"இல்லம்மா. இருபத்தொரு வருஷம் கேட்டேன். ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அதுக்குப் பேரு கௌதாரின்னே இப்பத்தான் தெரியும்."

அம்மா வேறு எதுவும் சொல்லவில்லை. குரல் நிற்கும்வரை நாங்களும் பேசவில்லை. ஒரு பறவையைப் பார்க்கவில்லை என்றால் பயணம் வீண் என்று நினைப்பவர்களுக்கு அந்த ஐந்து நிமிடத்தை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

பிரிஞ்சாங் உச்சி 2,031 மீட்டர். அதற்குச் சற்றுக் கீழே பாசி படர்ந்த காடு. மரங்கள் குட்டையாகி, கிளைகளெல்லாம் பச்சைக் கம்பளி போர்த்தியிருக்கும். இடையிடையே குடுவைத் தாவரங்கள். இங்கே மலைக்காட்டுச் சிரிப்பான்கள், பொன்தொண்டைக் குக்குறுவான்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு டிகிரி குளிர்ச்சி கூடும். அந்தக் குளிர்ச்சியை நம்பித்தான் இந்தப் பறவைகள் இங்கே இருக்கின்றன. பூமி சூடாகச் சூடாக, கீழே இருக்கும் பறவை மேலே ஏறிக் குளிர்ச்சியைத் தேடலாம். உச்சியில் இருக்கும் பறவைக்கு ஏற இடமில்லை. அங்கிருந்து கீழே பார்த்தால், பள்ளத்தாக்குகளில் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் வெள்ளையாக விரிந்து கிடக்கின்றன. மேலே வானம், கீழே கூரை. நடுவில் இருக்கும் காட்டுப் பட்டைதான் அம்மாவின் கௌதாரிக்கு மிச்சம்.

நீங்களும் போகலாம்

செலவு பெரிதில்லை. 8x42 அளவுள்ள பைனாகுலர் ஒன்று இரண்டு பேருக்குப் போதும். காலை ஏழிலிருந்து பத்து வரையும், மாலை நான்கரையிலிருந்து இருட்டும்வரையும் நல்ல நேரம். நடுப்பகலில் பறவைகளும் ஓய்வெடுக்கும், நீங்களும் ஸ்ட்ராபெரி சாப்பிடலாம். சாம்பல், பச்சை, பழுப்பு உடைகள் நல்லது. மழைக்கோட்டும், அட்டை ஏறாதபடி நீளமான காலுறையும் வேண்டும். வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள். ஒதுக்கிடம் பார்த்து நிறுத்துங்கள். கனமழைக்குப் பிறகு மண்சரிவால் மலைச்சாலைகள் மூடப்படுவதுண்டு, பாசிக்காட்டுக்கான அனுமதியும் அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் கூடுதலாக ஒரு நாளாவது ஒதுக்குங்கள்.

முதல் முறை போகிறவர்கள் ஒரு காலைப்பொழுதுக்காவது உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது நல்லது. காட்டில் எங்கே நிற்பது என்பதே பாதி வித்தை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆய்வகம் இலவசமாகத் தரும் மெர்லின் செயலியில் பறவைகளின் படமும் குரலும் இருக்கின்றன. குரல்களை வீட்டிலேயே பிள்ளைகளோடு கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் அவை கைப்பேசியோடு இருக்கட்டும்.

பிள்ளைகள் அமைதியாக இருப்பார்களா என்று பலர் கேட்கிறார்கள். ஏழு வயதுப் பையனுக்கு நாங்கள் கொடுத்த வேலை, கண்ணை மூடிக்கொண்டு எத்தனை வேறு வேறு சத்தம் கேட்கிறது என்று விரல் விட்டு எண்ணுவது. முதல் நாள் மூன்று. கடைசி நாள் பத்து விரலும் போதவில்லை. அவனுடைய அக்காவின் நோட்டில் பார்த்தது 38, கேட்டது மட்டும் 9.

ஆகவே அடுத்த முறை மலையேறும்போது, பாதுகாப்பான ஓர் ஒதுக்கிடத்தில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். இன்ஜினை அணையுங்கள். கண்ணாடியை இறக்குங்கள். வானொலியையும் அணைத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருப்பது என்னுடைய நிகழ்ச்சியாக இருந்தாலும் பரவாயில்லை.